ஈரல் சுருக்கத்துக்குப் புது ஊசி வந்துடுச்சா? (இழை)

1/ "குடிக்கிறவங்களுக்குத்தானே டாக்டரு ஈரல் கெடும்? எனக்கு அந்த வாடையே ஆகாது." செஞ்சி பக்கத்துல மல்லாட்டை பயிர் செய்யற ஒரு அம்மா கேட்டது. வயசு ஐம்பதுக்கு மேல, பல வருஷமா சுகர். டெஸ்ட் ரிசல்ட்: சிரோசிஸ். காரணம் குடி இல்ல, ஃபேட்டி லிவர்.

2/ கூட வந்த மகன் போனை நீட்டினார். "சார், சுருங்கின ஈரலையே சரி பண்ற ஊசி கண்டுபிடிச்சிட்டாங்களாம். அரைக் காணியை வித்தாவது வாங்கிடறேன், எங்க கிடைக்கும்?" இதே கேள்வியை இப்போ பல பேர் கேக்கறாங்க. அதுக்குத்தான் இந்த இழை.

3/ முதல்ல அடிப்படை. சுகர், தொப்பை, ரத்தத்துல கொழுப்பு இருக்கறவங்களுக்கு ஈரல்ல கொழுப்பு சேரும். சிலருக்கு அது அழற்சியாகி, தழும்பு விழ ஆரம்பிக்கும். தழும்பை F0 முதல் F4 வரை படி போட்டுச் சொல்வோம். F4 தான் சிரோசிஸ். வலி இல்லாம வருஷக்கணக்குல நடக்கும்.

4/ சிரோசிஸ்லயும் ரெண்டு கட்டம். முதல் கட்டத்துல ஈரல் தாக்குப்பிடிக்கும், ஆளைப் பார்த்தா தெரியாது. நம்ம செஞ்சிக் கோட்டையை 1690-ல முற்றுகை போட்ட மொகலாயப் படை 1698-ல தான் பிடிச்சது. அந்த மாதிரி. ரெண்டாவது கட்டத்துல வயித்துல நீர், ரத்த வாந்தி, மஞ்சள் காமாலை, புத்தித் தடுமாற்றம். அந்த அம்மா இருப்பது முதல் கட்டம்.

5/ மருந்தே இல்லையா? இருக்கு. ஆனா சிரோசிஸுக்கு முந்தின படிகளுக்கு. இந்தியாவுல 2020-ல சாரோகிளிடசார். அமெரிக்காவுல 2024-ல ரெஸ்மெடிரோம், 2025-ல செமாகுளூடைட். இந்த அனுமதி எதுவும் F4-க்குக் கிடையாது.

6/ F4-ல ஏன் கஷ்டம்? 2023-ல வெளியான ஒரு சோதனையைப் பாருங்க. சிரோசிஸ் உள்ள 71 பேர், 48 வாரம். தழும்பு ஒரு படியாவது குறைஞ்சவங்க: செமாகுளூடைட் போட்டவங்கள்ல 11%, மருந்தே இல்லாத போலி ஊசி போட்டவங்கள்ல 29%!

7/ போலி ஊசி ஈரலைச் சரி பண்ணிடுச்சா? இல்ல. ஆட்கள் குறைவு, அதனால தற்செயலாவே இப்படி வரலாம். இன்னொண்ணு, பயாப்ஸி ஊசி எடுக்கறது ஈரல்ல துளியூண்டு. நெல் மூட்டையில ஊசி குத்தி ஒரு பிடி எடுத்துப் பாக்கற மாதிரி. குத்தின இடத்தைப் பொறுத்து ரிசல்ட் மாறும். சோதனையில சேர்ந்தவங்க சாப்பாட்டுலயும் கவனமா ஆயிடுவாங்க.

8/ அதனாலதான் ஒப்பிட்டுப் பாக்க ஒரு போலி மருந்துக் குழு கட்டாயம். "ஊசி போட்டதுல நூத்துல இருபது பேருக்குச் சரியாச்சு"ன்னு யாராவது சொன்னா, "போடாதவங்கள்ல எத்தனை பேருக்கு?"ன்னு உடனே கேளுங்க.

9/ இப்போ அந்த மகன் காட்டின ஊசிக்கு வருவோம். பேரு எஃப்ருக்ஸிஃபெர்மின். ஈரல் சுரக்கற எஃப்ஜிஎஃப்-21 ஹார்மோன் மாதிரி செஞ்சது. வாரம் ஒரு ஊசி. முதல் கட்ட சிரோசிஸ் உள்ள 181 பேர்கிட்ட நடந்த சோதனையின் முடிவு 2025-ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்துச்சு.

10/ 36 வாரத்துல தழும்பு குறைஞ்சவங்க: மருந்துக் குழுக்கள்ல 18, 19%. போலி ஊசியில 13%. இதுதான் முன்கூட்டியே குறிச்ச இலக்கு. அதுல தோல்வி. ஆனா 96 வாரத்துல, அதிக டோஸ் குழுவுல 29%, போலி ஊசியில 11%. பல வருஷத் தழும்பு கரைய நேரம் பிடிக்கும் போல. நம்பிக்கை தர்ற செய்திதான். குமட்டல், வயிற்றுப்போக்கு மாதிரி பக்க விளைவுகளும் உண்டு.

11/ ஆனா 181 பேர் போதாது. பயாப்ஸியில படி குறையறது வேற, வயித்துல நீர் வராம, ரத்த வாந்தி வராம ஒருத்தர் உயிரோட இருக்கறது வேற. அதைப் பாக்கத்தான் மூன்றாம் கட்டப் பெரிய சோதனை. அதுக்கு வருஷங்கள் ஆகும்.

12/ ஆக மகனுக்கு நான் சொன்னது: "தம்பி, இது இன்னும் கடையில விக்கற மருந்து இல்ல. யாராவது வரவழைச்சுத் தர்றேன்னு பணம் கேட்டா அது ஏமாத்து வேலை. நிலத்துல கை வைக்காதீங்க."

13/ அடுத்து அந்த அம்மா கேட்டாங்க: "அப்ப பரிசோதனை நடந்தா சேந்துக்கலாமா? எலி மாதிரி ஆக்கிடுவாங்களா?" நியாயமான பயம். 2019-ம் வருஷ விதிகள்படி நெறிமுறைக் குழு அனுமதி வேணும். உங்களுக்குப் புரியற மொழியில விளக்கி சம்மதம் வாங்கணும். எப்ப வேணா விலகலாம். சோதனையால பாதிப்பு வந்தா இலவச சிகிச்சை, இழப்பீடு. இந்தியாவுல நடக்கற சோதனைகள் சிடிஆர்ஐ பதிவேட்டில் இருக்கும், யாரும் இலவசமாப் பாக்கலாம். போலி மருந்து கிடைக்க வாய்ப்பு உண்டு என்பதையும் தெரிஞ்சே சேரணும்.

14/ ஊசி வர்ற வரைக்கும் என்ன? முதல் கட்டத்தை முதல் கட்டமாவே வச்சிருக்கறதுதான் வைத்தியம்.
- சுகர், பிரஷர் கட்டுப்பாடு. குடி ஒரு சொட்டும் வேண்டாம்.
- எடை மெதுவாக் குறையணும், பட்டினி கூடாது. முட்டை, பயறு, மீன் சேருங்க. ராத்திரி படுக்கும் முன் ஏதாவது சிறிதளவு சாப்பிடுங்க.
- 6 மாசத்துக்கு ஒரு முறை ஸ்கேன். சிரோசிஸ்ல ஈரல் புற்றுநோய் வரலாம், சீக்கிரம் கண்டுபிடிச்சா காப்பாத்தலாம்.
- எண்டோஸ்கோபி தேவையான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. உணவுக்குழாய்ல புடைச்ச நரம்பு வெடிக்கும் முன் தடுக்கலாம்.
- மஞ்சள் காமாலைத் தடுப்பூசி (ஏ, பி).
- மெடிக்கல்ல நீங்களா வலி மாத்திரை வாங்காதீங்க. பேர் தெரியாத "ஈரல் பொடி"யும் வேண்டாம்.

15/ சுகர் உள்ளவங்களுக்கு ஒரு வார்த்தை. வயசு, ரெண்டு ஈரல் என்சைம், தட்டணுக்கள் எண்ணிக்கை, இந்த நாலை வச்சு FIB-4-னு ஒரு கணக்கு உண்டு. சாதாரண ரத்தப் பரிசோதனை போதும். அடுத்த முறை சுகர் பாக்கப் போகும்போது "என் ஈரல்ல தழும்பு இருக்கான்னு பாருங்க"ன்னு கேளுங்க. F2-ல தெரிஞ்சா இன்னைக்கே மருந்து இருக்கு. F4-ல தெரிஞ்சா காத்திருக்கணும். (முற்றும்)