நாலு ட்ராக் கேசட்டில் ஒரு இருட்டு

புரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஜீன்ஸ், அமெரிக்கக் கொடி, ஸ்டேடியமே அதிரும் 'பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ'. 1984-ல் வந்த ஆல்பம் அது. அதே மனுஷன் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1982 செப்டம்பரில், 'நெப்ராஸ்கா' என்று ஒன்று வெளியிட்டார். மொத்தம் பத்துப் பாட்டு, நாற்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. கிட்டார், மவுத் ஆர்கன், அங்கங்கே ஒரு மாண்டலின்... பெரும்பாலும் அவ்வளவுதான். டிரம்ஸ் எப்போது ஆரம்பிக்கும் என்று காத்திருந்தால் கடைசிவரை காத்திருக்க வேண்டியதுதான் :)

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது விசித்திரமான கேஸ். 1980-ல் வந்த 'தி ரிவர்' அவருடைய முதல் நம்பர் 1 ஆல்பம். சந்தை சூடாக இருக்கிறது, அடுத்த சரக்குக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள். அவரோ நியூஜெர்சியில் கோல்ட்ஸ் நெக் என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டு படுக்கையறையில், டியாக் கம்பெனியின் நாலு ட்ராக் கேசட் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். ஸ்டூடியோவில் பாட்டு எழுதி நேரத்தையும் பணத்தையும் கரைப்பதைவிட, வீட்டிலேயே மாதிரி எடுத்துக்கொண்டு போகலாம் என்பதுதான் திட்டம். செலவுக் கட்டுப்பாடு!

அப்புறம் இ ஸ்ட்ரீட் பேண்டோடு ஸ்டூடியோவில் வாசித்துப் பார்த்தார்கள். சில பாட்டு பிழைத்தது ('பார்ன் இன் தி யூ.எஸ்.ஏ' பாட்டின் முதல் வடிவமும் அந்தச் சமயத்தில் எடுத்ததுதான்). மற்றவை செத்துப்போயின. கடைசியில் உறைகூட இல்லாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டையே ஆல்பமாகப் போட முடிவானது. அதிலிருந்து இசைத்தட்டு வெட்டுவது இஞ்சினியர்களுக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது.

சரி, அப்படி என்ன இருட்டு?

1957 டிசம்பரிலிருந்து 1958 ஜனவரிக்குள் சார்லஸ் ஸ்டார்க்வெதர் என்ற 19 வயதுப் பையன் நெப்ராஸ்காவிலும் வயோமிங்கிலுமாக 11 பேரைக் கொன்றான். 1959-ல் மின்சார நாற்காலி. டெரன்ஸ் மாலிக்கின் 'பேட்லேண்ட்ஸ்' (1973) இந்தச் சம்பவத்தைத் தழுவிய படம். அதைப் பார்த்த பிறகு ஸ்ப்ரிங்ஸ்டீன் எழுதியதுதான் ஆல்பத்தின் முதல் பாட்டு. கொலைகாரனே தன் கதையைச் சொல்கிறான். கோபம் இல்லை, அழுகை இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் மழையைப் பற்றிப் பேசுகிற குரல். பயமுறுத்துவது அந்த நிதானம்தான்.

இங்கே ஒரு நெருடல் உண்டு. அவனோடு இருந்த கேரில் ஃப்யூகேட்டுக்கு அப்போது 14 வயது. இறந்தவர்களில் அவள் அம்மாவும் இருந்தார். தன்னைப் பிணையாகத்தான் பிடித்து வைத்திருந்தான் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆனாலும் ஆயுள் தண்டனை, 1976-ல்தான் பரோல். பாட்டில் அவள் அவன் இஷ்டப்படி நடக்கிற ஜோடி மட்டுமே. அவன் வாயால் சொல்லும் கதை அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லலாம். பாட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தச் சமாதானம் பலவீனமாகத் தெரிகிறது.

'ஜானி 99' வேறு ரகம், பழைய ப்ளூஸ் துள்ளலோடு ஓடும். நியூஜெர்சி மாவாவில் ஃபோர்டு கார் தொழிற்சாலையை 1980-ல் நிஜமாகவே மூடினார்கள். பாட்டில் அங்கே வேலை போன ஒருவன் குடித்துவிட்டு ஒரு இரவு நேர ஊழியரைச் சுட்டுவிடுகிறான். கோர்ட்டில் தன்னை நிரபராதி என்று சொல்லவில்லை. அடைக்க முடியாத கடன்களைச் சொல்கிறான், வீட்டைப் பறிக்க வந்த வங்கியைச் சொல்கிறான். 1982 கடைசியில் அமெரிக்காவில் வேலையின்மை 10.8 சதவீதம். பாடப்புத்தகத்தில் அது ஒரு கோடு மேலே போய் இறங்கும் வரைபடம். மறு வருஷமே ஜானி கேஷ் இந்தப் பாட்டைத் தன் ஆல்பத்துக்குத் தலைப்பாகவே வைத்துவிட்டார்.

'மை ஃபாதர்ஸ் ஹவுஸ்', 'யூஸ்டு கார்ஸ்' இரண்டும் அவர் சின்ன வயசு வீட்டைச் சுற்றியவை. அந்தச் சமயத்தில் தன்னைப் பிடித்த மனச்சோர்வைப் பற்றி 2016-ல் சுயசரிதையில் அவரே எழுதினார். இந்தக் காலகட்டத்தை வைத்து 2025-ல் சினிமாவும் வந்தது. அதே வருஷம், இருக்கிறதா இல்லையா என்று ரசிகர்கள் பல காலம் அடித்துக்கொண்ட பேண்டு ஒலிப்பதிவுகளும் வெளியாயின. கேட்டால், 1982-ல் அவற்றை ஒதுக்கியது ஏன் என்று புரிந்துவிடும்.

விற்பனை ஒன்றும் மோசமில்லை, அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. ஆனால் கச்சேரிச் சுற்றுப்பயணம் கிடையாது. 1984 செப்டம்பரில் தேர்தல் பிரசாரத்துக்கு நியூஜெர்சி வந்த ரீகன், ஸ்ப்ரிங்ஸ்டீன் பாட்டில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் புகழ்ந்தார். சில நாளில் பிட்ஸ்பர்க் மேடையில், ஜனாதிபதிக்கு எந்த ஆல்பம் பிடித்திருக்கும் என்று ஸ்ப்ரிங்ஸ்டீன் யோசித்தார். 'நெப்ராஸ்கா'வாக இருக்காது என்று சொல்லிவிட்டு, 'ஜானி 99' பாட ஆரம்பித்தார்.