வைக்கோல் கூந்தல்

சிதம்பரம், மாசி மாதம்

அன்பு நண்பா,

ஓவியர் கீஃபரின் படத்தைப் புத்தகத்தில் காட்டியபோது, "ஓவியத்தில் வைக்கோலுக்கு என்ன வேலை?" என்று கேட்டாய். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

இன்று காலை கடலூர் தேவனாம்பட்டினத்தில் கடலைப் பார்த்துவிட்டுப் பேருந்து ஏறினேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டியதும் சம்பா அறுவடை முடிந்த வயல்கள். அறுத்த தாள் நிற்கிறது. நடுவே இயந்திரம் உருட்டிப்போட்ட வைக்கோல் கட்டுகள். சன்னலோரம் முழுக்க அந்த வாசனைதான். உன் கேள்வி நினைவுக்கு வந்தது.

அன்செல்ம் கீஃபர் 1945இல், போர் முடியும் தறுவாயில் ஜெர்மனியில் பிறந்தவர். பெரியவர்கள் பேச மறுத்த நாஜிக் காலத்தை வரைய வந்தவர். ஈயம், சாம்பல், களிமண், வைக்கோல் எல்லாமே அவருக்கு வண்ணம். பவுல் செலானின் புகழ்பெற்ற கவிதை ஒன்றில் இரண்டு பெண்கள்: பொன்முடி மார்கரெத், சாம்பல்முடி சூலமித். முதலாமவள் ஜெர்மானியப் பெண், மற்றவள் யூதப் பெண். 1981இல் 'மார்கரெத்'தை வரைந்த கீஃபர் பெண்ணையே வரையவில்லை. மங்கிய பரப்பில் வைக்கோலை ஒட்டி, நுனிகளில் தீச்சுடர்களை வரைந்தார். மஞ்சள் வண்ணத்தில் முடி தீட்டியிருந்தால் அது ஒரு பெண்ணின் படம், அவ்வளவுதான். வைக்கோலோ ஒரு பொறி பட்டால் போய்விடும். அந்த அச்சம் பொருளிலேயே இருக்கிறது.

சிதம்பரம் வந்ததும் நடராசர் கோயிலில் முதலில் சிவகாமி அம்மன் சன்னதிக்குப் போனேன். விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள். பிட்சாடனரும் மோகினியும், ஒவ்வொரு நகைக்கும் கோடு போட்ட கை. நெடுநேரம் அண்ணாந்தே நின்றேன்.

பிறகு சிற்சபை. நடராசர் உருவம், படிகலிங்கம் அருவுருவம், பக்கத்திலேயே அருவம். தீட்சிதர் திரையை விலக்கினார். தீப வெளிச்சத்தில் தங்க வில்வ மாலைகள். மாலை இருக்கிறது, கழுத்து இல்லை.

உடனே மார்கரெத் நினைவுக்கு வந்தாள். கூந்தல் இருக்கிறது, முகம் இல்லை. இரண்டும் ஒன்றென்று சொல்லமாட்டேன். அந்த ஓவியத்தின் வெறுமைக்குப் பின்னால் கொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள். இங்கே உள்ள வெளி ஆகாயமாகவே வணங்கப்படுவது. ஆனாலும் மாலையைக் கண்டதும் என் கண் தோளைத் தேடியது. வரையாமல் விட்ட உடம்பைப் பார்ப்பவனே வரைந்துகொள்ளும்படி செய்வதுதான் அந்த வைக்கோலின் வேலை.

வரும் வழியில் முட்லூரில் பேருந்து நின்றபோது சாலையோரம் கிடந்த வைக்கோலில் ஒரு இழை எடுத்தேன். உறைக்குள் வைத்திருக்கிறேன். ஒடியாமல் பிரி.

அன்புடன்,
உன் நண்பன்