நான் நீக்கிய நம்பர்!

நான் பி.காம். முடித்தது 2011 ஏப்ரலில். அரசுக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது அதே வருஷம் செப்டம்பரில்! ஐந்து மாசத்தில் கோட்டை விட்ட சோகம் இன்னும் ஆறவில்லை. கையில் ஒரு மெஷினைக் கொடுத்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவார்கள் என்று நான் ரொம்ப நாள் நம்பியதற்கும் அந்தச் சோகம்தான் காரணம்.

அந்த நம்பிக்கை 2020-ல் மரக்காணத்து உப்புத் தண்ணீரில் விழுந்தது.

மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பத்திரிகைகளில் பக்கம் குறைந்தது, எனக்கு எழுத்து வேலையும் குறைந்தது. சென்னை வாடகைக்கு டாட்டா காட்டிவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். சும்மா இருக்கக் கூடாதா? தெருவில் பதினோரு பிள்ளைகளைச் சேர்த்து வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். காலை பத்து மணிக்குக் கணக்கு வீடியோ, பன்னிரண்டுக்குள் பதில் வர வேண்டும். (தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டுதான் வீடியோ எடுத்தேன்.)

ஏழாவது படிக்கிற ஒரு பெண்ணிடமிருந்து மூன்று வாரமாகப் பதிலே இல்லை. 'கடைசி எச்சரிக்கை' என்று போட்டேன். அதற்கும் மௌனம். அமுக்கினேன் ரிமூவ் பட்டனை!

நாலாம் நாள் அக்கா கேட்டாள்: "ஏண்டா, அந்தப் பொண்ணு பேரை வெட்டிட்டியாமே? அது உப்பளத்துக்கு வேலைக்குப் போவுது."

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரெண்டு பக்கமும் வெள்ளை வெளேர் என்று பாத்திகள். ஒன்பது மணிக்கே கண் கூசியது. அம்மாவும் பெண்ணுமாகப் பலகை பிடித்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்துட்டாங்கன்னு போன்ல வந்துது. பக்கத்து வூட்டுப் பையன் படிச்சுச் சொன்னான். இனிமே பள்ளிக்கூடம் இல்லன்னு நெனச்சுட்டோம் சார்" என்றார் அந்த அம்மா.

அவர்களுக்கு நான்தான் பள்ளிக்கூடம். அந்தப் பட்டன்தான் டி.சி.!

வீட்டுக்கு ஒரே போன். அது பிளாஸ்டிக் கவருக்குள் அம்மா இடுப்பில் இருந்தது. இருட்டோடு அளத்துக்குக் கிளம்பினால் அதுவும் கூடவே போகும். வாங்கி என் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். உப்பு வெளிச்சத்தில் என் வாரிய தலைகூடத் தெரியவில்லை.

"என்ன கணக்கு சார் அது?" என்றாள் பெண்.

"தசமம்மா."

"மூணரை டிகிரி, நாலே கால் டிகிரி, அந்த மாதிரியா?"

உப்பளத்தில் தண்ணீரில் கண்ணாடிக் கருவியை மிதக்கவிட்டு டிகிரி பார்ப்பார்கள். கடல்நீர் சுமார் மூன்றரை டிகிரி. வெயிலில் வற்றி இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். எந்தப் பாத்தி எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று அவள் கை நீட்டிச் சொன்னாள். நானோ வீடியோவில் ஆப்பிளை வெட்டிக் காட்டியிருந்தேன். மரக்காணத்தில் ஆப்பிள்!

அப்புறம்தான் மற்றவர்களையும் விசாரித்தேன். தமிழையே எழுத்துக்கூட்டிப் படிக்கிற மீனவர் வீட்டுப் பையன், அப்பா படகின் ஜி.பி.எஸ்.ஸில் வலை விட்ட இடத்தைப் பதிந்து வைக்கிறான். இருளர் வீட்டுப் பிள்ளைகள் ரெண்டு பேர் பதினோரு பேர் கணக்கில் வரவே இல்லை. அவர்கள் வீட்டில் போன் இல்லை, நானும் கேட்கவில்லை. பி.காம். படித்தவன் போட்ட கணக்கு சார் இது!

வீடியோவை நிறுத்திவிட்டு, சாயங்காலம் கோயில் திண்ணைக்கு மாறினேன். அந்தப் பெண் மட்டும் உடனே வரவில்லை. கைக்கு வந்த கூலியை விட்டுவிடு என்று அந்த அம்மாவிடம் எந்த முகத்தோடு சொல்வது? மழை இறங்கி அளம் நின்றபிறகுதான் வந்தாள்.

2021 அக்டோபர் 27-ல் இதே மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் முதல்வர் ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கி வைத்தார். தன்னார்வலர்களுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, மாலையில் வகுப்பு. என் திண்ணைப் பிள்ளைகள் மொத்தமாக அங்கே தாவிவிட்டார்கள். கொஞ்சம் பொறாமைதான். அடுத்த வருஷம் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. சின்ன வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எனக்கு உறைக்க ஒரு உப்பளம் தேவைப்பட்டது!

அந்தப் பெண் இப்போது சொந்தமாகப் போன் வைத்திருக்கிறாள். பாங்கிலிருந்து வரும் மெசேஜைத் தெருப் பெண்களுக்குப் படித்துச் சொல்ல ஒரு குரூப் நடத்துகிறாள். என்னையும் சேர்த்திருக்கிறாள். போன வாரம் அதில் ஒரு செய்தி:

"மூணு நாளா உங்க பதிலே காணோம் சார். எடுத்துடட்டுமா?"