அட்டையில் ஒரு "வேண்டாம்"

எங்க ஆச்சி (காரைக்குடிப் பக்கம் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) மகளுக்கு ஏழு வயசு. மூளை முடக்குவாதம். பேச்சு வராது, ஆனா நாம பேசுறது அத்தனையும் புரியும்.

போன தீபாவளிக்கு நான் பெரிய மேதாவி மாதிரி ஒரு பட அட்டை செஞ்சு கொடுத்தேன். இட்லி, பால், தண்ணி, டிவி, சீடைன்னு பன்னிரண்டு படம். பொங்கலுக்குப் போனா அட்டை பரண்மேல கிடக்கு. "தொடவே மாட்டேங்குறா தம்பி"ன்னாங்க ஆச்சி.

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். சார்லஸ் பிளிஸ் என்பவர் உலகத்துக்கே பொதுவா ஒரு குறி எழுத்தை உருவாக்கி 1949ல வெளியிட்டார். பெருசா யாரும் சீந்தலை. 1971ல டொராண்டோவில், பேச முடியாத குழந்தைகளுக்கு ஆசிரியர்கள் அதைக் கையில் கொடுத்தப்பதான் அதுக்கு உயிர் வந்தது. நம்ம சென்னையிலயே அஜித் நாராயணன், வித்யா சாகர் அமைப்போட சேர்ந்து 'ஆவாஸ்' கருவியை உருவாக்கினார். இப்ப அது டேப்லெட்ல தமிழிலும் இருக்கு.

படிக்கப் படிக்க என் தப்பு உறைச்சது. நான் கொடுத்தது மொழி இல்லீங்க, ஹோட்டல் மெனு கார்டு! கேக்கலாம், அவ்வளவுதான். மறுக்க, கூப்பிட, ஏன்னு கேக்க அதுல ஒண்ணுமே இல்லை. இன்னொண்ணு, எந்தக் குழந்தையும் ஒரு வருஷம் மத்தவங்க பேச்சைக் கேட்டுட்டுத்தான் முதல் வார்த்தை பேசுது. இவளைச் சுத்தி எல்லாரும் வாயால பேசுறோம். படத்தைத் தொட்டுப் பேசுற ஒரு ஆளை அவ பார்த்ததே இல்லை.

புது அட்டை போட்டேன். வேணும், வேண்டாம், வா, போ, ஏன், இன்னும், வலிக்குது, என்னோடது. கூடவே வீட்டு ஆளுங்க போட்டோ. பேசும்போதே எல்லாரும் படத்தையும் தொடணும்னு சொல்லிட்டு வந்தேன். ஒழுங்கா செஞ்சது எங்கம்மா மட்டும்தான். "வா"ன்னா ஒரு தொடல், "இன்னும் சோறு வேணுமா"ன்னா ரெண்டு தொடல்.

சித்திரை வருஷப்பிறப்பன்னிக்கு வளவுல உக்காந்து அம்மா அவளுக்குத் தலை பின்னிட்டிருந்தாங்க. வழக்கம்போல அழுகை. "தலை பின்ன உக்காந்தாலே இவளுக்குப் பிடிவாதம்"னு நாங்க பல வருஷமா சொல்ற அதே அழுகை. மெதுவா கை நகர்ந்தது. "வலிக்குது." அப்புறம் "ஆயா." அப்புறம் "வேண்டாம்."

அம்மா சீப்பைக் கீழ வெச்சிட்டாங்க. "இத்தனை வருஷமா வலிச்சுதாடி"ன்னு கேட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க.

இப்ப தளர்வா ஒத்தைப் பின்னல்தான். நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என் போட்டோவைத் தொட்டு, "போ", "வேண்டாம்"னா. "போக வேண்டாம்"னு நீட்டி முழக்கினாத்தான் தமிழா? எனக்குப் புரிஞ்சது. அடுத்த பஸ்ஸுலதான் கிளம்பினேன் :-)