நீலம் கலந்த வெள்ளை

நிறங்களுக்கு நம் பெண்கள் இட்டு வழங்கும் பெயர்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது. மாந்தளிர், கிளிப்பச்சை, கத்தரிப்பூ, வெந்தயம், வாடாமல்லி, மிளகாய்ப்பழம், மயில் கழுத்து என்று அவர்கள் அடுக்கிச் சொல்லும்போது துணிக்கடை ஒரு தோட்டமாகவும் மாறுகிறது. ஒரு சமையற்கட்டாகவும் மாறுகிறது. எந்த நூலையும் பயின்று அறிந்த பெயர்கள் அல்ல இவை. கண்ணால் கண்டதையும் கையால் தொட்டதையும் கொண்டு, பெயரில்லாத ஒன்றுக்குப் பெயர் சூட்டிய எளியவர்களின் சொற்செல்வம் இது.

இந்தப் பெயர்களை எல்லாம் எனக்குக் கற்பித்தவர் என் தாயார். ஆனால் எனக்கு அறிவு தெரிந்த நாள் முதல் அவர் உடுத்தி நான் கண்ட சேலை வெள்ளை ஒன்றே.

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள் நான். 1956ஆம் ஆண்டில் தந்தையார் காய்ச்சல் கண்டு மறைந்தபோது எனக்கு வயது 4, தம்பி கைக்குழந்தை, அம்மாவுக்கு வயது 25. பதினாறாம் நாள் அவருடைய வண்ணச் சேலைகள் உறவினர் கைகளுக்குப் போயின. அன்று முதல் விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும்போது ரப்பர்ப் பால் பிடித்துக் கறுத்த பழைய உடுப்பு. வீடு திரும்பிக் குளித்தபின் வெள்ளைச் சேலை. அவருடைய உடையில் வேறு நிறத்திற்கு இடம் இல்லாது போயிற்று.

ஆயினும் எங்கள் லயத்து வீட்டில் நிறங்களுக்குக் குறைவில்லை. தவணை முறையில் வாங்கிய காலால் மிதிக்கும் சிங்கர்த் தையல் இயந்திரம் ஒன்று சன்னலோரம் இருந்தது. தோட்டத்துப் பெண்களுக்கு ரவிக்கை, சிறுமியருக்குப் பாவாடை சட்டை, பையன்களுக்குக் கால்சட்டை யாவும் அதில்தான் உருவாயின. தீபாவளி நெருங்கிவிட்டால் நள்ளிரவு தாண்டியும் மண்ணெண்ணெய் விளக்கொளியில் அம்மாவின் கால்கள் ஓயமாட்டா. அந்த மிதியொலியைக் கேட்டுக்கொண்டே நானும் தம்பியும் உறங்கிப்போவோம்.

அளவு நாடா அம்மாவிடம் இருந்தது. ஆனால் அவர் நம்பியது தம் சாணையும் விரலையுமே. வளரும் பிள்ளைக்குத் தைக்கும் உடையில் உள்மடிப்பாக இரண்டு விரல் துணியைக் கூடுதலாக விட்டிருப்பார். அடுத்த ஆண்டு அந்த மடிப்பைப் பிரித்துவிட்டால் உடை மறுபடியும் பிள்ளைக்குப் பொருந்தும். “துணி வாங்க முடியாதவர்களுக்குத் தைக்கிறவள்தான் இன்னொரு துணியைக் கொடுக்க வேண்டும்” என்பார். கைத்தொழிலின் அறம் இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லப்பட்டதில்லை.

தைத்து மிஞ்சிய துண்டுகளை உரியவரிடமே கொடுத்துவிடுவார். வேண்டாம் என்று அவர்கள் விட்டுச்சென்ற சிறு துண்டுகளை மட்டும் ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்த்து வைப்பார். ஓய்வு கிடைக்கும் மழைநாள்களில் அவற்றை இணைத்து ஒட்டுத்துணிப் போர்வை தைப்பார். தரையில் துண்டுகளைப் பரப்பி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும் அந்த நேரத்தில் அவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை வேறெப்போதும் நான் கண்டதில்லை. “ஒத்துப்போகாத நிறம் என்று ஒன்றும் இல்லை, கண்ணு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வெள்ளையை வைத்துப் பார், தானாக இணங்கிவிடும்” என்று ஒருமுறை சொன்னார். தாம் உடுத்திக் கிழிந்த சேலைகளையே அந்த வெள்ளைக்கு வெட்டிக்கொள்வார்.

வெள்ளைத் துணி நாளாக நாளாகப் பழுப்பேறும். அதைப் போக்க நீலம் போடுவது வழக்கம். மஞ்சள் சாயலை நீலம் மறைப்பதால் துணி கண்ணுக்குத் தூய வெண்மையாகத் தோன்றும். நீலக்கட்டியைச் சிறு துணியில் முடிந்து, வாளித் தண்ணீரில் ஓரிரு முறை அமிழ்த்தி எடுத்தால் போதுமானது. அம்மா நான்கு, ஐந்து முறை அமிழ்த்துவார். கொடியில் உலரும் அவர் சேலை விடியற்கால வானம் போல் வெளிர்நீலமாக அசையும்.

“ஏன் அக்கா, நீலம் தூக்கலாகிவிட்டதே?” என்று பக்கத்து வீட்டார் கேட்பார்கள்.

“கை தவறிவிட்டது” என்பார் அம்மா.

வாரந்தோறும் அந்தக் கை தவறியது. அதன் பொருளை உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

அம்மாவுக்கு உயிரான நிறம் மயில் கழுத்து. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் இந்நாட்டில் துணிக்குக் கொடிய பஞ்சம் நிலவியது. சிறுமியாயிருந்த அம்மா கோணிச் சாக்கையும் மாவுச் சாக்கையும் தைத்து உடுத்தி வளர்ந்தவர். போர் முடிந்த மறு ஆண்டு தீபாவளிக்கு என் பாட்டனார் எப்படியோ ஒரு பாவாடைத் துணியை வாங்கி வந்தாராம். அதன் நிறம் மயில் கழுத்து. “அதைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நான் ஒரு பெண் என்பதே எனக்குத் தெரிந்தது” என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்.

மயில் கழுத்து என்பது ஒற்றைச் சாயத்தால் வருவதன்று, நெசவால் பிறப்பது. தறியில் நீளவாக்கில் பூட்டிய பாவு நூல் நீலம். குறுக்கே ஓடும் ஊடை நூல் பச்சை. இரண்டும் ஒன்றையொன்று மறைப்பதில்லை. ஆகவே துணியை ஒரு பக்கம் சாய்த்தால் நீலமும், மறுபக்கம் சாய்த்தால் பச்சையும் மேலோங்கி, மடிப்புதோறும் நிறம் மாறி மாறி ஒளிரும். பட்டிழையின் மினுமினுப்பில் இந்த மாற்றம் இன்னும் தெளிவாகப் புலப்படும்.

1980ஆம் ஆண்டில் தம்பிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. சேலை எடுக்க அம்மாவும் நானும் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலைக்குச் சென்றோம். கடைக்காரர் விரித்துக் காட்டிய காஞ்சிபுரப் பட்டுகளுள் ஒன்று அரக்குக் கரையிட்ட மயில் கழுத்து. அம்மா அதைக் கையில் எடுத்துக் கரையும் உடலும் சேரும் இடத்தைப் புரட்டிப் பார்த்தார். உடல் ஒரு நிறமும் இரு கரைகளும் வேறு நிறமுமாக, மூன்று நாடாக்கள் மாறி மாறி ஓட நெய்யப்படும் கோர்வை வேலை அது என்று கடைக்காரர் விளக்கினார். அம்மா தலையசைத்தார். அந்தச் சேலையே மணமகளுக்கு என்று முடிவாயிற்று.

மணமகளுக்கு அரக்கு நிறத்தில் ரவிக்கை தைப்பதாக இருந்ததால் சேலையோடு ஒட்டி வந்த மயில் கழுத்துத் துண்டு மிஞ்சியது. அன்றிரவு சேலையை மடித்துக்கொண்டிருந்தபோது அம்மா தணிந்த குரலில் கேட்டார்: “அந்த ரவிக்கைத் துண்டை எனக்குக் கொடுத்துவிடுகிறாயா, கண்ணு?”

“உனக்கு எதற்கம்மா இனிமேல்? கல்யாண வீட்டில் நாலு பேர் என்ன சொல்வார்கள்?” என்றேன் நான்.

அம்மா மறுமொழி கூறவில்லை. துண்டைத் தனியே மடித்து என் பெட்டியின் மேல் வைத்துவிட்டுப் படுக்கச் சென்றார்.

அப்போது நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாதர் கூட்டங்களில் பாரதியாரைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கைம்பெண் கொடுமையைச் சாடிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். மேடையில் என் வாயிலிருந்து வந்த நீதி என் வீட்டின் வாயிற்படியை ஏறவில்லை. அன்று அம்மாவுக்கு வயது 49. அவர் வெள்ளை உடுத்தி 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு முழத்துணியை அவர் கேட்டது ஒரே ஒரு முறை. மறுத்தவள் ஊரார் அல்லள், நான்.

சில ஆண்டுகள் கழித்து மலாக்காவுக்கு மாற்றலாகிச் சென்றேன். பல இனத்தவர் கலந்து வாழும் அவ்வூர் என் கண்ணைச் சிறிது சிறிதாகத் திறந்தது. உடன் பணியாற்றிய சீன ஆசிரியை ஒருவரின் இல்லத்துத் துக்கத்திற்குச் சென்றபோது அங்கே வெண்மையே துயரின் நிறமாக இருந்தது. அடுத்த மாதமே ஒரு கிறித்தவத் திருமணம். அங்கே மணமகள் அடிமுதல் முடிவரை வெள்ளை. மலாய் அரசவைகளில் மஞ்சள் அரசர்க்குரிய நிறம். நம் பெண்களுக்கோ அது மங்கல நிறம். பாபா நோன்யாக்கள் துக்கம் காக்கும் காலத்தில் அணியும் மணிவேலைக் காலணிகளில் நீலமும் வெள்ளையும் கறுப்பும் இடம்பெறும். என் அம்மா திருட்டுத்தனமாகச் சேலையில் ஏற்றிய நீலம் அவர்களுக்குத் துக்கத்தின் நிறம்!

சுல்தான்கள் காலத்தில் வந்து குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்களான மலாக்காச் செட்டிகள் இன்றும் கோயிலுக்குச் செல்கின்றனர். அவர்கள் வீட்டுப் பெண்களின் மரபுடை கெபாயாவும் பாத்தேக் சாரோங்கும். மலாய் ஆடவர் தொழுகைக்கு உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு என்னும் துறைமுகத்தின் பெயரே அவ்வாறு திரிந்து வழங்குகிறது. நம் கரையில் நெய்த துணி கடல் கடந்து வந்து மற்றோர் இனத்தாரின் வழிபாட்டு உடையாகியிருக்கிறது. துணி எந்த உடலையும் விலக்குவதில்லை. நிறம் யாரையும் ஒதுக்குவதில்லை. விலக்குவதும் ஒதுக்குவதும் நாம் செய்பவை.

1991ஆம் ஆண்டில் அம்மாவுக்கு 60 வயது நிறைந்தது. பதினோர் ஆண்டுகளாக என் பெட்டியின் அடியில் கிடந்த அந்தத் துண்டை வெளியே எடுத்தேன். மடிப்போரம் சற்றே வெளிறியிருந்தது. மற்ற இடமெல்லாம் மயில் அப்படியே இருந்தது. அம்மாவின் பழைய ரவிக்கை ஒன்றை அளவாக வைத்து வெட்டினேன். நடந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன், சொல் வரவில்லை. தையல்தான் வந்தது.

ரவிக்கையை அவர் மடியில் வைத்தேன். அம்மா முதலில் அதன் நிறத்தைப் பார்க்கவில்லை. உட்புறத்தை வெளியே திருப்பித் தையலை விரலால் தடவினார். “அக்குளைச் சற்று இறக்கித் தைத்திருக்கலாம்” என்றார். பிறகு எழுந்து வாசல் வெளிச்சத்திற்குச் சென்று, துணியை இப்படியும் அப்படியுமாக நெடுநேரம் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது, “நிறம் போகவில்லை” என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகளில் வெள்ளைச் சேலைக்குள் அதை அணிந்துகொள்வார். வாசலில் காலடி ஓசை கேட்டால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வார். சில மாதங்களில் அந்த இழுப்புக் குறைந்தது. பின்னர் நின்றே போயிற்று. மறந்துவிட்டாரா, வேண்டாம் என்று விட்டுவிட்டாரா என்று நான் கேட்கவில்லை.

1998இல் அம்மா மறைந்தார். நீராட்டியபின் உடுத்தப் புது வெள்ளைச் சேலை கொண்டுவந்தார்கள். நான் அந்த ரவிக்கையை எடுத்து வந்து அணிவித்தேன். சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அம்மாவுக்கு அக்காள் முறையான பெரியம்மா ஒருவர் மட்டும் அருகில் வந்து ரவிக்கைக் கையைத் தொட்டார். யாரையும் பாராமல், “சின்னதில் இந்த நிறத்தில் ஒரு பாவாடை வைத்திருந்தாள்” என்றார். ரவிக்கை வெளியே தெரியும்படி முந்தானையை அவரே ஒதுக்கிவிட்டார்.

இன்று நம் சமூகத்தில் கணவரை இழந்த பெண்கள் பலர் வண்ணச் சேலை உடுத்துகின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும் மணவீடுகளில் ஓரமாக ஒதுங்கி நிற்கும் பெண் ஒருத்தியை இன்னும் காணத்தான் செய்கிறேன். அவளை ஒதுக்கியவர்கள் பெரும்பாலும் அந்நியர் அல்லர். அவள்மீது அன்பு கொண்டவர்களே, நாலு பேருக்கு அஞ்சி, அந்த வேலையைச் செய்துவிடுகின்றனர் என்பதை என் அனுபவத்தால் அறிவேன்.

அம்மாவின் தையல் இயந்திரமும் ஒட்டுத்துணிப் போர்வையும் என்னிடம் இருக்கின்றன. ரவிக்கை வெட்டி மிஞ்சிய மயில் கழுத்துக் கீற்று ஒன்றை அந்தப் போர்வையில், அவருடைய வெள்ளைச் சேலைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்திருக்கிறேன். இப்போது என் துணிகளை நானே அலசிக் காயவைக்கிறேன். வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் நாளில் அது சற்றுத் தூக்கலாகவே விழுகிறது. கை தவறியதன்று.