ஆறு மாதக் குடியிருப்பு

2023 மே மாதக் கல்லூரி விடுமுறையில், பிலிப்பைன்ஸில் இருக்கும் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். லகூனா மாகாணத்தில் அவள் கணவருக்கு நெல் ஆராய்ச்சி வேலை. போன மறுநாளிலிருந்தே ஒரு சொல் காதில் விழுந்துகொண்டிருந்தது. பறங்கிக்காய் என்றுதான் முதலில் நினைத்தேன். ‘பரங்காய்’ என்று தங்கை திருத்தினாள். நம் ஊராட்சியைப் போன்றது. ஆனால் கிராமத்தில் மட்டுமல்ல, மணிலா போன்ற பெருநகரமும் பரங்காய்களாகத்தான் பிரிந்திருக்கிறது. நாடு முழுவதும் 42,000க்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஏழு உறுப்பினர்கள், இளைஞர் மன்றத்தின் சார்பில் ஒருவர். தலைவரை எல்லோரும் ‘காப்’ என்கிறார்கள். கேப்டன் என்பதன் சுருக்கம்.

தமிழ் படித்த எனக்குச் சொல்லின் வேரைத் தேடாமல் இருக்க முடியவில்லை. 1589இல் ப்ளாசென்சியா என்ற ஸ்பானியப் பாதிரியார் எழுதிய குறிப்பின்படி, அது படகைக் குறித்த சொல். ஒரே படகில் வந்தவர்கள் கரையேறிய பின்னும் ஒரே குழுவாக இருந்தார்கள். படகை நடத்தியவனே ஊரையும் நடத்தினான் என்கிறார் அவர். ஸ்பானியர்கள் அந்தத் தலைவர்களை வரி வசூலிப்பவர்களாக மாற்றினார்கள். ‘பாரியோ’ என்று வழங்கிவந்த ஊர்ப் பிரிவுகளுக்கு 1974இல், மார்கோஸ் ஆட்சியில், பழைய பெயர் திரும்பியது. இன்றைய அமைப்பு 1991ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் தந்தது.

தங்கை வீட்டுக்குத் துணி தேய்க்க ஒரு மூதாட்டி வருவார். தெருவே அவரை ‘லோலா’, அதாவது பாட்டி, என்று அழைத்தது. ஓடைக்கரையில், யாருடைய நிலத்திலோ, தகரக் கூரை போட்ட வீடு. பட்டா கிடையாது. அவர் அங்கே வாழ்கிறார் என்பதற்கு இருந்த ஒரே காகிதம் பரங்காய் கொடுத்த குடியிருப்புச் சான்று. ஒவ்வொரு தேவைக்கும் புதிதாக வாங்கவேண்டும். மருத்துவமனையில் உதவி கேட்க வேண்டுமென்றால் ஏழ்மைச் சான்று. அதையும் காப்தான் கொடுக்கவேண்டும்.

அந்த மாதக் கடைசியில் லோலாவின் பேத்திக்கு ஒரு தொழிற்சாலையில் முதல் வேலை கிடைத்தது. சமார் தீவிலிருந்து வந்து பாட்டியோடு தங்கியிருந்தவள். முதல் முறை வேலை தேடுபவர்களுக்குப் பரங்காய்ச் சான்று, காவல்துறைச் சான்று, பிறப்புச் சான்று முதலியவற்றைக் கட்டணமின்றித் தரவேண்டும் என்று 2019இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. துணி தேய்த்துப் பிழைக்கும் வீட்டுக்கு அது சிறிய தொகையல்ல. ஆனால் அந்தப் பரங்காயில் ஆறு மாதமாவது குடியிருப்பதாகத் தலைவர் சான்றளிக்கவேண்டும்.

நாங்களும் கூடப் போனோம். கூடைப்பந்துத் திடலை ஒட்டிய சிறு கட்டடம். செயலர் முதலில் ‘செடுலா’ கேட்டார். அது தலைவரிச் சீட்டு. 1896 ஆகஸ்டில் போனிஃபாசியோவும் தோழர்களும் கிழித்தெறிந்து ஸ்பானியருக்கு எதிரான புரட்சியைத் தொடங்கியது அந்தப் பெயர்கொண்ட சீட்டைத்தான். இன்று அதே பெயரில் அழைக்கப்படும் வரி ரசீதைப் பேத்தி கைப்பையிலிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்தாள்.

“எத்தனை மாதமாக இங்கே?” என்றார் செயலர். “ஆறு” என்றார் லோலா. உள்ளேயிருந்து காப் எட்டிப் பார்த்தார். “லோலா, இவள் சிம்பாங் காபி நாட்களில்தானே வந்தாள்? விடியற்காலைப் பூசையில் உங்கள் பக்கத்தில் நின்றாளே!” கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் பூசை அது. டிசம்பர் 16க்கு முன்னால் வந்திருக்க முடியாது. ஆறு மாதத்துக்கு இன்னும் இரண்டு மூன்று வாரம் குறைந்தது. வேலைக்குச் சேர வேண்டியதோ அடுத்த வாரம்.

அவர் ஆறு மாதம் என்று எழுதவில்லை. டிசம்பர் முதல் வசிக்கிறாள், நன்னடத்தை உள்ளவள் என்று சாதாரணச் சான்றில் கையெழுத்திட்டார். அதற்கான கட்டணத்தைத் தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் செயலரிடம் கொடுத்து, ரசீதும் போடச் சொன்னார். மற்ற அலுவலகங்களின் கட்டணம் லோலாவின் தலையில்.

நேர்மையான மனிதர் என்று எனக்குத் தோன்றியது. “அக்டோபரில் பரங்காய்த் தேர்தல்” என்றாள் தங்கை. லோலா வழியெல்லாம் பேசவில்லை. வீட்டு வாசலில் நின்று சொன்னதைத் தங்கை மொழிபெயர்த்தாள்: சட்டம் கொடுத்திருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். இப்போது அவருக்குக் கடன்பட்டுவிட்டேன். ‘ஊதாங் நா லோஓப்’ என்பார்கள் அதை. காசாகத் திருப்பிக் கட்ட முடியாத, உள்ளத்தின் கடன்.

பேத்தி எந்தப் பூசையில் எங்கே நின்றாள் என்று அறிந்த ஒருவர் கையெழுத்திடுவதால்தான் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு. பட்டா இல்லாத கிழவிக்கு அந்த அறிமுகமே காவல். பேத்திக்கு உரிய சலுகையைத் தடுத்ததும் அதே அறிமுகம்தான். எது நல்லது என்று எனக்கு இன்றும் தீர்மானமாகவில்லை.

ஜூனில் கல்லூரி திறந்ததும் மாணவர்கள் நன்னடத்தைச் சான்றுக்கு வரிசையில் நின்றார்கள். வருடாவருடம் முகம் பார்க்காமல் கையெழுத்திடும் படிவம்தான். முதலில் நின்ற பெண்ணிடம், “எந்த ஊரம்மா?” என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று புரியாமல், தயங்கித்தான் சொன்னாள்.