குமிழைத் தொடாத கை

ஹெட்போனில் மிக்சிங் செய்பவர் முதலில் பழக வேண்டியது, ஒலியளவுக் குமிழைத் தொடாமல் இருப்பது. காலையில் வைத்த அளவிலேயே மாலைவரை வேலை நடக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் காது சலித்துவிடும். குமிழைக் கொஞ்சம் திருப்பினால் மிருதங்கத்தின் தொப்பி கனத்து, பாட்டுக்கே உயிர் வந்ததுபோல் இருக்கும். மிக்ஸில் ஒன்றும் மாறியிருக்காது. மெல்ல ஒலிக்கையில் தாழ்ந்த ஒலிகள் காதுக்குக் குறைவாகவும், உரக்க ஒலிக்கையில் நிறைவாகவும் கேட்கும் என்பதை ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். பேருந்தில் பாட்டு கேட்பவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் இந்த மயக்கம் ஒரு காரணம்.

இன்னொரு காரணம், காதில் சரியாகப் பொருந்தாத ரப்பர் முனை. பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு இருக்கும். மாட்டி வந்ததையே பலரும் கடைசிவரை மாட்டியிருப்பார்கள். முனை தளர்ந்தால் தாழ்ந்த ஒலி கசிந்து வெளியேறும், எஞ்சின் இரைச்சல் உள்ளே வரும், விரல் தானாக ஒலியைக் கூட்டும். இரைச்சல் நீக்கும் ஹெட்போன் எஞ்சின், ஏசி போன்ற சீரான உறுமலை நன்றாக அடக்கும். பக்கத்து இருக்கைப் பேச்சை அவ்வளவாக அடக்காது. அதை மாட்டிய பிறகும் பழைய அளவிலேயே கேட்டால் வாங்கிய பணம் வீண்.

கூட்டிய ஒலி தாக்குவது உட்காதின் நத்தைச் சுருளில் உள்ள ஏறத்தாழ 15,000 மயிரணுக்களை. மனிதருக்கு இவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலால் கெட்ட காதின் கேட்பு வரைபடத்தில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸுக்குள், பெரும்பாலும் 4,000ஐ ஒட்டி, ஒரு பள்ளம் விழும். தம்புராவின் மினுக்கம் மங்கும். டிவியில் பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்தில் 80 டெசிபலில் 40 மணி நேரம்வரை. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10, 89இல் 5. 3 டெசிபல் கூடியது காதுக்குப் பெரிதாகத் தெரியாது. ஒலி ஆற்றலோ இரட்டிப்பு. ‘பாதி ஒலியளவில் கேள்’ என்ற அறிவுரையைக் கொண்டு இதைக் கணக்கிட முடியாது, ஏனெனில் பாதி என்பது போனுக்குப் போன், இயர்போனுக்கு இயர்போன் மாறும். இரவில் மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் சுகமாகக் கேட்கும் அளவைக் குறித்துக்கொண்டு, வெளியே அதைத் தாண்டாமல் இருப்பது எளிய வழி. பேருந்தில் வைத்த அளவை அதே அறையில் ஒருமுறை கேட்டால் தூக்கிவாரிப் போடும்.

ஹெட்போனைக் கழற்றிய பிறகு காதில் ‘ங்ஙீ’ என்று ரீங்காரமோ, பஞ்சு அடைத்ததுபோன்ற மந்தமோ இருந்தால் அன்றைய அளவு மிஞ்சிவிட்டது. பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். அடிக்கடி வந்தால் நிலைத்துவிடும். மிக்சிங் செய்பவர்கள் ஆண்டுக்கொரு முறை கேட்புப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சில இடங்களில் 2,000, 4,000, 8,000 என்று தாவிவிடுவார்கள். 3,000, 6,000 ஹெர்ட்ஸையும் சோதிக்கும்படி கேட்க வேண்டும்.